புத்தகத்தை மூடிவிட்டுப் படித்தவள்

என் நாத்தனார் என்னோடு சேர்ந்து குரூப் ஃபோர் தேர்வு எழுதப் போவதாகச் சொன்ன அன்று நான் சிரித்துவிட்டேன். சத்தமாக இல்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். அவள் கவனித்தாளா என்று இன்றுவரை கேட்டதில்லை.

சிரிப்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது. நான் பி.எஸ்ஸி. படித்தவள். காட்டுமன்னார்கோயிலில் பள்ளியில் படித்த காலத்தில் ஒப்பித்தல் போட்டி என்றால் என் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். முழுப் பாடத்தையும் முற்றுப்புள்ளி மாறாமல் சொல்வேன். கல்யாணமாகிக் கடலூர் வந்த பிறகு ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருஷம் அறிவியல் பாடம் நடத்தினேன். அவளோ பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, மறுதேர்வில் எப்படியோ தேறி, அதோடு படிப்பை நிறுத்தியவள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எட்டு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கரும்பு லாரி ஓட்டுபவர். பெண்ணாடத்தில் ஆலை ஓடும் மாதங்களில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். எங்களுக்குப் பக்கத்துப் போர்ஷனில்தான் குடியிருந்தார்கள்.

"எட்டு வருஷமா அடுத்தவங்க நோட்ஸையே ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துக்கிட்டிருக்கேன் அண்ணி. ஒரு தடவ நானும் எழுதிப் பாக்கறேனே" என்றாள்.

"எழுதேன். ஆனா சிலபஸ் ஜாஸ்தி. உனக்கு மண்டையில நிக்கணுமே" என்றேன்.

"நிக்காதுதான். எனக்குத்தான் தெரியுமே" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

என் கணவர் பல் விளக்கிக்கொண்டே, "ரெண்டு பேரும் சேந்து படிங்க. கிளாஸுக்குப் போறதுக்கும் ஒருத்தருக்கொருத்தர் துணையாச்சு" என்றார். அதோடு முடிவாகிவிட்டது.

சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டிய ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வகுப்பு நடந்தது. கடலூரிலும் வகுப்புகள் இருந்தன. அவையெல்லாம் தினசரி வகுப்புகள். அவளுக்குக் கடை, எனக்கு வீடு. ஞாயிறு மட்டும் என்பதுதான் எங்களுக்குத் தோது. காலையில் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

முதல் ஞாயிறு திரும்பி வரும்போது நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருவருக்கும் ஜன்னல் பக்கமாக இடம் கிடைத்திருந்தது. நான் என் நோட்டைத் திறந்து மஞ்சள் பேனாவை எடுத்தேன். முக்கியமான வரிகளில் மஞ்சள் பூசுவது என் வழக்கம். எல்லா வரியும் முக்கியம் என்று தோன்றுவதால் என் புத்தகம் எப்போதும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடிய சட்டை மாதிரி இருக்கும். அவள் நோட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். கண்ணையும் மூடிக்கொண்டாள். பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உதடு அசைகிறது. விரல் விட்டு எண்ணுகிறாள்.

"என்ன, மந்திரமா?"

"இல்ல அண்ணி. இன்னிக்கி சார் என்னென்ன நடத்துனாருன்னு சொல்லிப் பாக்கறேன். ஒம்பது வந்துச்சு. பாதியில என்னமோ ஒண்ணு விட்டுப்போச்சு. நீங்க சொல்லுங்களேன், நோட்டைப் பாக்காம."

நான் நோட்டை மூடினேன். வைட்டமின் குறைபாடு நடத்தினார். அரசியலமைப்பின் முகவுரை நடத்தினார். விகிதக் கணக்கு ஒன்று போட்டார். அப்புறம்? அப்புறம் என்ன? மூன்றுக்கு மேல் எனக்கு வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் கேட்டது. என் கையாலேயே எழுதியது. எனக்குக் கோபம் வந்தது.

"வீட்டுக்குப் போயி ரெண்டு தடவ படிச்சா எல்லாம் வந்துடும். இதுக்கு எதுக்கு இப்பவே மண்டைய ஒடைச்சிக்கணும்?" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்துகொண்டேன். அவள் மறுபடி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது "ஆங், மழைக்காடு!" என்று கத்தினாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். விட்டுப்போன பத்தாவது பாடம் அது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அவளிடம் கேட்டேன். கடையிலிருந்துதான் என்றாள்.

"எங்க கடைக்குப் பரிட்சைக்குப் படிக்கறவங்க எவ்ளோ பேர் வருவாங்க தெரியுமா அண்ணி? கட்டுக் கட்டா நோட்ஸ் எடுப்பாங்க. ஸ்பைரல் போடுவாங்க. போட்டுக் கையில வாங்கறப்ப மொகத்துல ஒரு நிம்மதி தெரியும் பாருங்க, பாஸ் பண்ணிட்ட மாதிரி. அடுத்த வருஷம் அதே ஆளு வந்து வேற நோட்ஸ் எடுப்பாரு."

எனக்குச் சுருக்கென்றது. நானும் அந்த வருஷம் மூன்று ஸ்பைரல் புத்தகம் போட்டிருந்தேன். அவள் கடையில்தான்.

"ஒருத்தர் மட்டும் நோட்ஸே எடுக்க மாட்டாரு. மெஷின்ல மாட்டிக் கசங்குன தாள், ஒரு பக்கம் மட்டும் விழுந்த தாள், அதையெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போவாரு. எதுக்கு சார்னு கேட்டேன். படிச்சு முடிச்சிட்டு, புக்கை மூடி வச்சிட்டு, ஞாபகம் இருக்கறத இதுல எழுதிப் பாப்பேம்மா, எழுத வராததத்தான் மறுபடி படிப்பேன்னு சொன்னாரு. அவரு அந்த வருஷமே வேலைக்குப் போயிட்டாரு. இனிப்பு குடுக்க வந்தாரு. அன்னிலேர்ந்து என் மண்டையில இது ஓடிக்கிட்டே இருக்கு."

அந்த மனிதரை அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவர் சொன்னது இரண்டு வாக்கியம். அந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மீதியை அவளே கண்டுபிடித்தாள். அதைத்தான் நான் இப்போதும் வியந்துகொண்டிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் வகுப்பில் ஐம்பது கேள்விக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். முந்தின வாரப் பாடம் மட்டும். சனிக்கிழமை முழுக்க நான் உட்கார்ந்து ஐந்து முறை படித்தேன். எனக்கு முப்பத்தெட்டு வந்தது. அவளுக்கு இருபத்தேழு. பஸ்ஸில் நான் பெரிய மனது பண்ணி அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவள் கேள்வித்தாளை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, தப்பாகப் போன இருபத்துமூன்றையும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் வருத்தம் இல்லை. ரேஷன் கடையில் என்னென்ன பாக்கி வாங்க வேண்டும் என்று பார்ப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வட்டங்கள் என்ன ஆயின என்று பிறகுதான் தெரிந்தது. கசங்கிய ஜெராக்ஸ் தாள்களைச் சின்னச் சின்னச் சீட்டாக நறுக்கி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதுவாள். அவள் சமையல் மேடையில் மூன்று பழைய டிஃபன் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். முதல் டப்பாவில் இருக்கும் சீட்டுகளைத் தினமும் எடுத்துப் பார்ப்பாள். பதில் சரியாக வந்தால் அது இரண்டாவது டப்பாவுக்குப் போகும். அதை மூன்று நாளைக்கு ஒரு முறைதான் திறப்பாள். அங்கேயும் சரியாக வந்தால் மூன்றாவது டப்பா. அது வாரத்துக்கு ஒரு முறை. எந்த டப்பாவில் இருந்தாலும் தப்பாகச் சொல்லிவிட்டால் சீட்டு மறுபடி முதல் டப்பாவுக்கே வந்துவிடும். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி.

"தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் படிச்சா சந்தோஷமாத்தான் இருக்கும். நேரந்தான் போயிடும்" என்பாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. சீட்டு ஒன்று எண்ணெய் டின்னில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்.

"எதுக்கு மூணு நாள் விடற? தினமும் பாத்தா இன்னும் நல்லா நிக்குமே?"

"கொஞ்சம் மறக்கட்டும்னு விடறேன் அண்ணி. மறந்தும் மறக்காம இருக்கறப்ப இழுத்துப் புடிச்சா கெட்டியா நிக்குது. உடனே பாத்தா வாயில இருக்கு, மனசுல போகல."

கணக்கிலும் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. புத்தகத்தில் நேரமும் வேலையும் ஒரு பாடமாக இருக்கும், விகிதம் ஒரு பாடம், சதவீதம் ஒரு பாடம். நான் ஒரு பாடத்தை எடுத்தால் அதில் இருபது கணக்கையும் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பத்தாவது கணக்குக்கு மேல் கை தானாகப் போடும். அவள் மூன்று பாடத்திலிருந்தும் கணக்குகளைச் சீட்டில் எழுதிக் கலைத்துப்போட்டு எடுப்பாள். மெதுவாகத்தான் போகும். தப்பும் நிறைய வரும். "பரிட்சையில இது எந்தப் பாடத்துக் கணக்குன்னு மேல எழுதியா குடுப்பான்?" என்பாள். கணக்கில் தவறிய பெண் பேசுகிற பேச்சு அது. பத்தாம் வகுப்பில் அவளுக்கு நேர்ந்தது அதுதானாம். வீட்டில் எல்லாக் கணக்கும் வந்தது. தேர்வு அறையில் எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி தேர்வு வைத்தார்கள். இந்த முறை சார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் முதல் மூன்று வாரப் பாடங்களிலிருந்து கேட்டுவிட்டார். கேள்விகளைப் பார்த்ததும் எல்லாமே தெரிந்த முகமாக இருந்தன. கல்யாண வீட்டில் எதிரே வருகிறவரைத் தெரியும், பெயர் மட்டும் வராது, அந்த மாதிரி. எனக்கு இருபத்திரண்டு. அவளுக்கு முப்பத்தாறு.

அன்று பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவள் என் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. முதல் தேர்வில் அவள் தோற்றபோது நான் அவளுக்குச் சொன்ன ஆறுதல்கள் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. அவை மட்டும் மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் நான் உடனே மாறிவிடவில்லை. பொறாமை என்று சொல்லிக்கொள்ளத் தைரியம் இல்லாததால், "அவளுக்கு அந்த வழி, எனக்கு இந்த வழி" என்று கணவரிடம் சொன்னேன். இன்னும் அழுத்தமாக மஞ்சள் பூசினேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தப்பிக்க முடியவில்லை. அடிப்படை உரிமைகளின் சட்டப்பிரிவு எண்கள் அவளுக்கு நிற்கவே இல்லை. எத்தனை முறை மூன்றாவது டப்பாவுக்குப் போனாலும் பாம்பு கடித்து இறங்கி வந்தன. ஒரு நாள் அவற்றைப் பஸ் ஏறும் இடத்திலிருந்து ஊர் ஊராக வைத்துவிட்டாள். கடலூர் பஸ் நிலையத்தில் வேலைக்குப் போகிறவரும் மருத்துவமனைக்குப் போகிறவரும் ஒரே மாதிரி இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். எல்லோரும் சமம், பதினாலு. முதுநகரில் மீன் கூடைக்காரப் பெண்கள் ஏறி எங்களை ஒட்டி உட்காருகிறார்கள். தொடாதே என்று சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லை, பதினேழு. ஆலப்பாக்கத்தில் ஏறும் பையன்கள் சிதம்பரம் வரை வாயை மூடுவதில்லை. பேச்சுரிமை, பத்தொன்பது. புதுச்சத்திரம் தாண்டியதும் டிரைவர் லாரியை முந்துவார், உயிர் வாழும் உரிமை, இருபத்தொன்று. முட்லூரில் ஒரு கடையில், இங்கே குழந்தைத் தொழிலாளர் இல்லை என்று பலகை இருக்கும், இருபத்துநாலு. அப்புறம் தூரத்தில் கோபுரம் தெரிந்துவிட்டால் மத சுதந்திரம், இருபத்தைந்து.

அவள் சொல்லச் சொல்ல நான் கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் புதுச்சத்திரத்தில் டிரைவர் லாரியை முந்தியபோது "இருபத்தொண்ணு" என்று என் வாய் தானாகச் சொன்னது. அவள் என்னைப் பார்த்தாள். இருவரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்போடு என் வீம்பு பாதி இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

மீதியை மழை இறக்கியது.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வருவது புதிதல்ல. மூன்றாம் நாள் விடியற்காலையில் தண்ணீர் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. என் கணவரும் நானும் அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கி மேலே வைப்பதிலேயே இருந்தோம். என் புத்தகங்களும் ஸ்பைரல் நோட்டுகளும் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தன. ஞாபகம் வந்து இழுத்தபோது பெட்டி கையோடு பிய்ந்து வந்தது. மஞ்சள் கரைந்து எல்லாப் பக்கமும் ஒரே நிறமாகியிருந்தது. ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்கப் பார்த்தேன். எழுத்தோடு கிழிந்தது.

பக்கத்துப் போர்ஷனில் அவள் தனியாக இருந்தாள். வீட்டுக்காரர் லாரியோடு எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் சமையல் மேடைக்கு மேலே கூரை ஓட்டையிலிருந்து தாரையாகக் கொட்டுகிறது. மூன்று டப்பாக்களும் திறந்தபடியே நிரம்பியிருந்தன. ஐந்து மாதச் சீட்டுகள். பேனா மை முழுக்க ஊறி நீலத் தண்ணீராக நின்றது.

நான் அழுதுவிட்டேன். என் புத்தகத்துக்காகவா அவள் சீட்டுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. "போச்சு. எல்லாம் போச்சு. இன்னும் ஏழு வாரந்தான் இருக்கு" என்றேன்.

அவள் டப்பாவைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். கொஞ்ச நேரம் அந்தக் கூழைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள்.

"மொதல்ல இந்த மிக்ஸிய மேல எடுத்து வைங்க அண்ணி. அப்புறமாப் பாத்துக்கலாம்."

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. வீட்டைக் கழுவி, சேற்றை வாரிக் கொட்டி, பாயைக் காயப் போட்டோம். கடை திறந்ததும் லீவு சொல்லிவிட்டு ஒரு கட்டு வீணான தாள் கொண்டுவந்தாள். மத்தியானம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். எந்தப் புத்தகமும் இல்லை, அவளுடையதும் தண்ணீரில் போயிருந்தது. முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள். கேள்வி, பதில், கேள்வி, பதில். நடுவில் எழுந்து சாதம் வடித்தாள். மறுபடி வந்து எழுதினாள். அடுத்த நாளும் எழுதினாள். நான் துணி மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை எங்கேயும் அவசரப்படவில்லை. வராத இடத்தில் நின்றது, சுவரைப் பார்த்தது, ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. மூன்றாம் நாள் முடித்தபோது கட்டு ஏறக்குறைய பழைய உயரத்துக்கு வந்திருந்தது. கோடு மட்டும் போட்ட இடங்கள் தனியாக ஒரு சின்னக் கட்டு.

"இதுதான் அண்ணி எனக்குத் தெரியாதது. இவ்ளோதான் படிக்கணும்" என்று அந்தச் சின்னக் கட்டைக் காட்டினாள். அவள் முகத்தில் இருந்த ஆச்சரியத்தை என்னால் மறக்க முடியாது. அவ்வளவு தனக்குள் இருக்கிறது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

நான் ஒரு தாளை எடுத்தேன். "எனக்கும் குடு பாக்கலாம்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வைட்டமின்கள் வந்தன, அவை பள்ளியில் நான் நடத்தியவை. பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வாயால் சொன்னவை. ஐந்து ஆறு முறை படித்து மஞ்சள் பூசியது எதுவும் வரவில்லை. சட்டப்பிரிவுகளில் ஆறு வந்தது, பஸ் புண்ணியத்தில். அவ்வளவுதான். ஒப்பித்தல் போட்டியில் பரிசு வாங்கிய பாடங்களில் ஒரு வரியாவது ஞாபகம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். பரிசாகக் கொடுத்த டப்பாவின் நிறம் ஞாபகம் இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றேன் அவளிடம். அதை அவளிடம் சொல்வதற்கு எனக்கு அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

"ஒண்ணுமே தெரியாம ஒன்றரைப் பக்கம் எழுத முடியுமா? வாங்க, எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

அவள் நினைத்திருந்தால் அதில் ஒரு துளி கேலி கலந்திருக்கலாம். கலக்கவில்லை.

அந்த ஏழு வாரமும் நாங்கள் படித்த மாதிரி நான் வாழ்க்கையில் படித்ததில்லை. கடையிலிருந்து அவள் வந்ததும் டீ போட்டுக் குடித்துவிட்டு உட்காருவோம். புதிய புத்தகம் ஒன்றை இருவருக்கும் பொதுவாக வாங்கினோம். ஒரு பாடத்தை நான் படித்து, மூடிவிட்டு, அவளுக்குச் சொல்ல வேண்டும். அடுத்த பாடத்தை அவள் எனக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது "அதாவது வந்து" என்று இழுத்தால் அது தெரியாத இடம் என்று அர்த்தம். அவள் உடனே, "அங்க இழுக்கறீங்க அண்ணி" என்பாள். நான் ஆசிரியையாக இருந்தவள், இழுத்துச் சமாளிக்கத் தெரிந்தவள். அவளிடம் அது செல்லவில்லை. ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். விளக்கம் புரியாமல் எந்தச் சீட்டையும் டப்பாவில் போட மாட்டாள். "புரியாதது ரெண்டு நாள்ல ஓடிப்போயிடும். ஒண்டிக்கிறதுக்கு அதுக்கு எடம் வேணும்ல" என்பாள். ஒன்பதரை மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். தேர்வுக்கு முந்தின நாள்கூட அப்படித்தான்.

தேர்வு மையம் இருவருக்கும் வேறு வேறு பள்ளியில். நான் எழுதிவிட்டு வெளியே வந்தபோது மனது லேசாக இருந்தது. தெரியாதது எது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த மாதிரி ஒரு தேர்வை நான் அதுவரை எழுதியதில்லை.

முடிவு வந்தபோது அவள் தேறியிருந்தாள். நான் சில மதிப்பெண்ணில் தவறியிருந்தேன். கலந்தாய்வுக்குப் போய்விட்டு வந்து, சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை என்று சொன்னாள். என் கணவர் தங்கையைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த வீட்டில் அரசு வேலைக்குப் போகிற முதல் ஆள் அவள். அவள் வீட்டுக்காரர் லாரியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்க இருந்தது. ஆனால் அது அவள்மேல் இல்லை. அவள் எப்படிப் படித்தாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு சாட்சியின் பெருமை இருந்தது.

அந்தப் பெருமை ஒரு கல்யாணத்தில் வாய்விட்டு வெளியே வந்துவிட்டது. திருவந்திபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்த மாமா ஒருவர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, மலைமேல இருக்கற ஹயக்ரீவருக்கு வேண்டிக்கிட்டியா? அப்படி ஒரு ஞாபக சக்தி வந்துடுச்சே!"

"வேண்டிக்கிட்டேன் மாமா" என்றாள் அவள்.

"வல்லாரக் கீரை சாப்பிட்டியா?"

"அதுவும் சாப்பிட்டேன் மாமா. அண்ணி துவையல் அரைச்சுக் குடுத்தாங்க."

"அதான பாத்தேன். அதெல்லாம் பொறப்புலயே வரணும். சில பேருக்கு மண்ட அப்படி."

அவள் சிரித்துக்கொண்டு ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"பொறப்புல ஒண்ணும் வரல மாமா. பத்தாவதுல கணக்குல போனவ இவ. உங்களுக்கே தெரியும். நாங்கூட சிரிச்சிருக்கேன். இவ மறந்து மறந்து படிச்சா. எது மறந்துச்சுன்னு ஒவ்வொண்ணா கண்டுபுடிச்சுப் படிச்சா. மழையில எல்லாம் போனப்ப புக்கே இல்லாம மூணு நாள்ல திருப்பி எழுதுனா. நான் கண்ணால பாத்தேன்."

பந்தியில் நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அப்படியா!" என்றார். என் கணவர் என் முழங்கையை மெல்ல இடித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காதெல்லாம் சிவந்துவிட்டது.

கை கழுவும் இடத்தில் அவள் என்னிடம், "நீங்க எப்ப சிரிச்சீங்க அண்ணி?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்க அழைத்துப் போய்விட்டார்கள்.

இப்போது நான் வீட்டிலேயே மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் நேற்று நடத்தியதைப் புத்தகத்தைத் திறக்காமல் எழுதச் சொல்வேன். முதல் வாரம் பெற்றோர் இருவர் வந்து, புதுப் பாடம் எப்போது நடத்துவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போது கேட்பதில்லை. குரூப் ஃபோர் நான் மறுபடியும் எழுதப் போகிறேன். மஞ்சள் பேனா வாங்குவதில்லை.

அவளுக்கு இப்போது துறைத் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. விதிகள், நடைமுறைகள் என்று தலையணை கனத்துக்குப் புத்தகம். அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்களாம். வேலைக்காகச் சிதம்பரத்துக்கே குடிபோய்விட்டவள், போன புதன்கிழமை அங்கிருந்து போன் பண்ணினாள்.

"அண்ணி, ஞாயித்துக்கெழம வீட்லதான இருப்பீங்க? காலையிலயே வந்துடறேன். அம்பது பக்கம் படிச்சிருக்கேன். உங்களுக்குச் சொல்லிப் பாக்கணும். நான் எங்கங்க இழுக்கறேன்னு குறிச்சி வைங்க."

"எனக்கு அந்த விதியெல்லாம் ஒண்ணும் புரியாதேடி."

"அதுக்குத்தான் அண்ணி உங்ககிட்ட வர்றேன். உங்களுக்குப் புரியற வரைக்கும் சொல்லணும்ல எனக்கு?"

வா என்றேன். முதுநகருக்குப் போய் நல்ல வஞ்சிரமாக வாங்கிவரச் சொல்லி என் கணவரிடம் அப்போதே சொல்லி வைத்தேன்.